மூக்கைத் தொட்டால் பொய்யாம்!

பொய் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சேஃப்டி ஆபீசர். காலை ஷிப்டுக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, "தூங்கினீங்களா? குடிச்சீங்களா? உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அன்றைய வேலை போகும். பொய் சொல்லிவிட்டு கிரேனில் ஏறினால் உயிரே போகலாம். கேள்வி கேட்டே காலம் தள்ளும் வாத்தியார்களே, டிக்கெட் பரிசோதகர்களே, பிள்ளை பெற்ற அம்மாக்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

வரிசையாக மூக்கு

போன வருஷம் நிர்வாகம் எங்களை உடல்மொழி வகுப்புக்கு அனுப்பியது. பொய் சொல்கிறவன் மூக்கைத் தொடுவான், கையைக் கட்டிக்கொள்வான், கண்ணைப் பார்க்க மாட்டான் என்று கோட்டு போட்ட ஒருவர் படம் போட்டுக் காட்டினார். மறுநாளே நான் துப்பறியக் கிளம்பிவிட்டேன்.

முதலில் வந்த டிரெய்லர் டிரைவர் மூக்கைத் தொட்டார். அடுத்தவரும் தொட்டார். வரிசை மொத்தமும் மூக்கும் கையுமாக நின்றது. அத்தனை பேருமா குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நான் பதற, டிரைவர் சேகர் சொன்னார்: "காத்து கொடுங்கையூர் பக்கத்துலேர்ந்து அடிக்குது மேடம், குப்பமேட்டு நாத்தம். நீங்களுந்தான் மூக்கப் பொத்திகினு கீறீங்க, நீங்க இன்னா பொய் சொன்னீங்க?"

தரையைப் பார்த்தவர்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலு, காசிமேட்டுக்காரர். கையைக் கட்டிக்கொண்டு என் ஷூவைப் பார்த்துப் பதில் சொன்னார். ஒன்றுக்கு இரண்டு அறிகுறி! குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியில் ஊதச் சொன்னேன், பூஜ்யம். மனசு ஆறாமல் மறுபடி ஊதச் சொன்னேன், மறுபடியும் பூஜ்யம். "அப்புறம் ஏன் என் மூஞ்சியப் பாக்காம பேசுறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"பொம்பளைங்கள மொறச்சிப் பாத்துகினு பேசுனா எங்கம்மா கண்ண நோண்டிடும் மேடம்."

கண்ணைப் பார்த்தவர்

கிரேன் ஆபரேட்டர் தாஸ் அண்ணனுக்கு வாய் கொஞ்சம் அதிகம். மேலே உட்கார்ந்துகொண்டு, கீழே சிக்னல் காட்டும் பாபுவை வாக்கி-டாக்கியில் திட்டித் திட்டித்தான் ஒவ்வொரு பெட்டியையும் இறக்குவார். அன்று காலை என் கண்ணை நேராகப் பார்த்து, சிரித்து, "சூப்பரா கீறேன் மேடம்" என்றார். மூக்குப் பக்கமே கை போகவில்லை. பரம யோக்கியர் என்று மேலே அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பாபு மூச்சிரைக்க ஓடிவந்தான். "மேடம், காலைலேர்ந்து தாஸ் அண்ணன் என்ன ஒரு தபா கூடத் திட்டல. 'சரிங்க தம்பி'ங்குறாரு. அவருக்கு இன்னாமோ ஆயிட்ச்சி!"

மேலே இருந்த கடல்

கிரேனை நிறுத்தி அவரை இறக்கியபோது சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. விடிந்ததிலிருந்தே நெஞ்சு வலியாம். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். அவர் கண் விழித்ததும் நான் போய் ஒரு சண்டை போட்டேன்: ஏன் பொய் சொன்னீர்கள்?

அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். "சொன்னா கீழ எறக்கிடுவீங்க மேடம். இத்தினி வருசமா மேலேர்ந்து கடலப் பாத்துகினே வேல செஞ்சிட்டேன்."

தரை வேலை

அவர் பயந்ததுதான் நடந்தது. இனி கிரேன் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வந்தவருக்குத் தரையில் பாபுவோடு சேர்ந்து சிக்னல் காட்டும் வேலை. முதல் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் புது ஆபரேட்டர் ஒரு பெட்டியைக் கோணலாக இறக்கினான். வாக்கி-டாக்கி அலறியது: "டேய் சோமாரி, கண்ண எங்க வெச்சிகினு பொட்டி எறக்குற?"

நான் அழுதேவிட்டேன். யார்டுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு பாபு ஓடிவந்தான்: "மேடம், அண்ணன் திட்டிட்டாரு!"

இப்போதெல்லாம் வாக்கி-டாக்கியில் யாராவது மரியாதையாகப் பேசினால், நான் முதலில் ஆம்புலன்ஸுக்குத்தான் போன் போடுகிறேன்.