அரை அகப்பைச் சோறு

பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகளுக்கு நடுவே படகு ஓட்டுவதில் தோபஜ்ஜலுக்கு ஈடாக அந்தக் கரையில் ஒருவனும் கிடையாது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன், அடுத்தவன் படகில் தண்ணீர் இறைத்தே சொந்தப் படகு வாங்கியவன். படித்தவன் எவன் அதைச் செய்தான்? நீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் திக்குத் தெரியாமல் விழித்தான்.

எல்லாம் அவன் மனைவி மர்ஜினாவின் தட்டைப் பார்த்துத்தான். அவளுக்கு ஏழாம் மாதம். அவன் தாய் சகினா அவளுக்கு அரை அகப்பைக்கு மேல் சோறு போடுவதில்லை. கஞ்சத்தனம் இல்லை, பயம். சகினாவின் மகள் ஹாஜிரா நன்றாகச் சாப்பிட்டவள். தலைப்பிரசவத்தில் மூன்று நாள் வலியோடு கிடந்து இறந்துபோனாள். வயிற்றுப் பிள்ளை பெருத்துவிட்டது என்று ஊரே சொன்னது. பாரம் குறைந்த படகுதானே மணல் தட்டாமல் போகும்? தோபஜ்ஜலுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மர்ஜினாவின் முதல் பிள்ளை சுலபமாகத்தான் பிறந்தது. கைக்குள் அடங்குகிற பிள்ளை. ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது.

இந்த முறை சுகாதாரப் பணிப்பெண் ரெபேக்கா தராசோடு வந்தாள். மர்ஜினாவை ஏற்றி இறக்கினாள்.

"ரெண்டு மாசத்துல ஒரு கிலோகூட ஏறல. ஏன் தோபஜ்ஜல், வீட்டுல நோன்பு மாசமா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா லேசா வந்துடும் அக்கா."

"வந்து? போன பிள்ளை எங்கே? ரெண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தா அதுக்குப் பால் உறிஞ்சக்கூடத் தெம்பு இருக்காது. சோறு, பருப்பு, மீன், முட்டை, எல்லாம் கூடப் போடு."

"என் தங்கச்சி சாப்பிட்டாளே. செத்தாளே."

"சாப்பிட்டதால சாகல. மூணு நாள் வீட்டுலயே வெச்சிருந்தீங்களே, அதனால."

அந்த மூன்று நாளும் அவன் படகு கரையில் சும்மாதான் கட்டிக் கிடந்தது. பிள்ளை இன்றைக்குப் பிறந்துவிடும், நாளைக்குப் பிறந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் நம்பினான். அப்படியானால் தப்பு சோற்றிலா, படகிலா? எண்ண எண்ண ஒன்றும் பிடிபடவில்லை. தாயும் பொய் சொல்பவள் இல்லை. ரெபேக்காவும் இல்லை.

மத்தியானம் சகினா வழக்கம்போல் அரை அகப்பை போட்டாள். தோபஜ்ஜல் தன் தட்டிலிருந்த சோற்றையும் மீன் துண்டையும் மர்ஜினாவின் தட்டுக்குத் தள்ளினான். மர்ஜினா கை வைக்காமல் மாமியாரைப் பார்த்தாள்.

"கொல்லப் போறியாடா இவளை?" சகினா அகப்பையைக் கீழே வைத்தாள். "யார் பேச்சைக் கேக்கறே நீ?"

"தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல." அவன் வாசலுக்கு எதிரே கரையில் நின்ற படகைக் காட்டினான். "ஒண்ணு மட்டும் செய்வேன். இவளுக்கு ஒன்பதாம் மாசம் வந்தா சவாரி கிடையாது. படகு இங்கேயே நிக்கும். வலி வந்த உடனே அக்கரை ஆஸ்பத்திரிதான்."

சகினா படகைப் பார்த்தாள். ஹாஜிரா அதில் ஏறவே இல்லை.

"மீன்ல முள் இருக்கு," என்றாள் மர்ஜினாவிடம். "பாத்துத் தின்னு."