வெளியேறிய நேரம்

பாக்கியராஜுக்கு நாற்பத்தேழு வயது. அதில் பதினாறு வருடங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் கேட்டில், நேரம் எழுதும் மேசையில் கழிந்தன. பெயர், உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம், கையெழுத்து என்று நான்கு கட்டம் போட்ட பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. ஷிப்ட் முடிந்து அரை மணி நேரம் ஆகியும் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் மற்ற டைம் கீப்பர்கள் ஒரு கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் எழுந்து உள்ளே போய் ஆளைத் தேடுவார். பதினாறு வருடத்தில் பதினோரு முறை அப்படிப் போயிருக்கிறார். பத்துப் பேர் கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள்; எழுப்பியதற்குத் திட்டினார்கள். ஒருவர் தூங்கவில்லை. அவர் பிழைத்தது பாக்கியராஜ் போனதால்தான்.

மில் மூடியபோது அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இயங்கும் தொழிலாளர் தகவல் மையத்தில் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார். மையம் ஒரு வெப்சைட் நடத்துகிறது. எந்த ஷிப்டுக்கு எங்கிருந்து எந்தப் பேருந்து, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பிஎஃப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று பக்கங்கள். நான்கு வருடங்களாக அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பாக்கியராஜ். யார் வந்தாலும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கிறது: எந்த இணைய இணைப்பின் முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்துக்கு. லாக் என்கிறார்கள். முதல்முறை அதைத் திறந்து காட்டியபோது அவர் சிரித்துவிட்டாராம். அவருடைய பழைய பதிவேடுதான், கையெழுத்து மட்டும் இல்லை.

இந்த வருடம் பிப்ரவரியில், மையத்தின் பொறுப்பாளர் ஸுப்ரஜா ஒரு வேலை சொன்னார். திருநின்றவூரிலிருந்து தினமும் இரண்டு ரயில் மாறி வருகிறவர். பேச்சும் ரயில் பிடிக்கிற வேகத்தில் இருக்கும். லாக்கைப் படித்துச் சுருக்கித் தருகிற மென்பொருள் ஒன்று சர்வரில் ஏற்கெனவே இருந்தது. மாதாமாதம் நாற்பது பக்கத்துக்கு அறிக்கை தரும். அதை யாரும் படித்ததில்லை. எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஒரே தாளில், நம்பும்படியாக, வியாழக்கிழமைக்குள் வேண்டும். யாரும் பார்க்காத பக்கங்களை எடுத்துவிட்டு, அதற்குச் செலவாகும் நேரத்தை பிஎஃப் கேள்விகளுக்குத் திருப்பப்போகிறார்கள். அங்கேதான் வரிசை படிக்கட்டு வரை நிற்கிறது.

பட்டியலில் முதலில் போகவிருந்தது ஹெலனின் பக்கம்.

ஹெலன் வடமாநிலத் தொழிலாளர் விடுதி ஒன்றில் ஒன்பது வருடம் சமையல் செய்தவர். சோறு போட்டே அவர்களுடைய ஒடியா மொழியைக் கற்றுக்கொண்டார். அதைப் படிக்கவோ எழுதவோ தெரியாது; பேசினால் புவனேஸ்வர்க்காரர்களே நம்மூரில் எங்கே என்று கேட்பார்கள். இப்போது மையத்தில் முன்மேசை வேலை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு ஒரு பக்கத்தை நடத்துகிறார். ‘கை அடிபட்டால்’ என்பது அதன் தலைப்பு, முழுக்க ஒடியாவில். இரத்தத்தை எப்படி நிறுத்துவது, விரல் துண்டானால் எப்படி எடுத்துப் போவது, எந்த மருத்துவமனையில் எந்த நேரம் யார் இருப்பார்கள், விபத்து நடந்ததை எழுத்தில் வாங்க என்ன கேட்க வேண்டும். ஃபோனில் பேசுவார், அது எழுதும். பிறகு அதையே படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார். தப்பாகக் காதில் விழுந்த வார்த்தையைத் திரும்பப் பேசுவார். ஒரு பத்திக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஆகும்.

அந்தப் பக்கத்துக்குப் பழைய அறிக்கை காட்டியது: பார்த்தவர்கள் நான்கு பேர். தங்கிய நேரம்: பூஜ்யம்.

பாக்கியராஜ் திங்கட்கிழமை காலை நாஷ்டாவை மேசையிலேயே முடித்துவிட்டு உட்கார்ந்தார். பழைய அறிக்கையின் முதல் வரியே பொய் என்று அரை மணி நேரத்தில் கண்டுகொண்டார். மாதத்துக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் பார்வைகள் என்றது. ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள பதினான்கு படங்களுக்கும் தனித்தனியாக ஒரு வரி விழுகிறது. லாரி உள்ளே வந்தால் லாரிக்கு ஒன்று, டயருக்குப் பத்து என்று எழுதுவது போல. படங்களைக் கணக்கில் சேர்க்காதே என்று மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினார். எண் பதினாறாயிரத்துக்கு இறங்கியது.

அடுத்தது ரோபோட்டுகள். தேடுபொறிகள் அனுப்புபவை பெயர் சொல்லிக்கொண்டு வரும். அவற்றை விலக்குவது சுலபம். பெயர் சொல்லாமல் வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பவையும் உண்டு. அவற்றை நடத்தையால்தான் பிடிக்க வேண்டும்: ஒரே முகவரி, ஒரே பக்கம், கடிகாரம் வைத்தது போல வருகை, வந்த நொடியே மறைவு. அப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாக விலக்கல் பட்டியலில் சேர்த்தார். மையத்துக் கம்ப்யூட்டர்களின் முகவரியையும் ஊழியர்களின் வீட்டு இணைப்புகளையும் சேர்த்தார், நம் ஆட்களே பார்ப்பது கணக்காகாது என்று.

செவ்வாய் மாலை அறிக்கை ஒரே தாளில் வந்தது. பேருந்துப் பக்கம் மூவாயிரத்து நூறு. பிஎஃப் எண்ணூறு. ‘கை அடிபட்டால்’ பூஜ்யம்.

மென்பொருள் ஒரு முகவரியை ஒருவர் என்றுதான் எண்ணும். பழைய அறிக்கையின் நான்கு பேரில் ஒருவர் தேடுபொறி. ஒருவர் மையம். ஒருவர் ஹெலன் தன் வீட்டிலிருந்து. நான்காவது, நடத்தையால் பிடிபட்ட ஒரு ரோபோட். அறிக்கையைச் சரிசெய்யச் சரிசெய்ய ஹெலனின் பக்கம் கரைந்துபோனது.

புதன்கிழமை மதிய டப்பாவைப் பிரிக்கும்போது ஹெலன் தாளை எட்டிப் பார்த்தார். பக்கங்களின் பெயர்களை பாக்கியராஜ் தமிழில் போட்டிருந்தார். விரலால் தன் வரியைத் தேடிப் போய் அங்கே நிறுத்தினார்.

“அப்போ ரெண்டு வருஷமா நான் ஈ ஓட்டிக்கினுதான் இருந்தேனாண்ணா?”

மெஷின் சொல்வது முழுக்கச் சரியாக இருக்காது என்று பாக்கியராஜ் ஏதோ ஆரம்பித்தார். ஹெலன் அவரை முடிக்க விடவில்லை. தன் டப்பாவிலிருந்து மீன் துண்டை எடுத்து அவர் சோற்றின் மேல் வைத்தார்.

“நீ இன்னா பண்ணுவ. உள்ளதத்தானே எழுதுவ. துன்னு.”

பிறகு வேறு பேச்சு பேசினார். ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் ஃபோனைத் திறந்து, வெள்ளிக்கிழமைக்காகப் பேசி வைத்திருந்த பத்தியை ஒரு முறை கண்ணை மூடிக் கேட்டார். தீக்காயத்தைப் பற்றியது. கேட்டுவிட்டு அணைத்தார்.

அதற்குப் பிறகு பாக்கியராஜுக்கு வேலை ஓடவில்லை. விலக்கல் பட்டியலைத் திறந்து அந்த நான்காவது முகவரிக்கு லாக்கில் விழுந்த வரிகளை மட்டும் தனியாக எடுத்தார். ஒரு மாதத்துக்குத் தொள்ளாயிரத்துக்கும் மேல் வரிகள். எல்லாமே நாளுக்கு மூன்று முறை, கொத்துக் கொத்தாக. 7.50. 15.50. 23.50. ஐந்தாறு நிமிடத்தில் பத்துப் பதினைந்து வரி விழும், பிறகு எட்டு மணி நேரம் ஒன்றுமில்லை. ரோபோட் என்று முடிவு கட்டியதற்கு இந்த ஒழுங்குதான் காரணம்.

ஆனால் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் தொடர்ந்து மூன்று கொத்துகளைக் காணவில்லை. நான்கு வாரமும் அப்படியே.

“மேடம்,” என்று ஸுப்ரஜாவின் மேசைப் பக்கம் திரும்பினார். “ரோபோட்டு இன்னாத்துக்கு மேடம் வாரலீவு போடுது?”

ஸுப்ரஜா தலையை நிமிர்த்தினார். அவர் விளக்கம் கேட்பதற்குள் பாக்கியராஜ் திரும்பிவிட்டார். எட்டு மணி நேர இடைவெளியை அவருக்குத் தெரியாதா? பதினாறு வருடம் அந்த இடைவெளியில்தான் சாப்பிட்டார், தூங்கினார், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தார். இடிப்பது நேரம்தான். காலை எட்டு மணிக்கு எந்த ஷிப்டும் மாறுவதில்லை. சர்வர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. அதன் கடிகாரம் நம் கடிகாரம் இல்லை. ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். நான்கு வருடமாக யாரும் கூட்டவில்லை. மணி யாருக்கும் தேவைப்படவில்லை.

தாளின் ஓரத்தில் கூட்டினார். விடிகாலை 5.20. மதியம் 1.20. இரவு 9.20. விடுபட்ட அந்த மூன்று கொத்தும் சேர்ந்தால் சரியாக ஒரு ஞாயிறு.

ஷிப்ட் ஆறு, இரண்டு, பத்து. பேருந்துகள் அதற்கு முன். பேருந்துப் பக்கத்தில் நேரங்களை ஏற்றுகிறவர் அவரே. 5.30, 1.30, 9.30க்குக் கிளம்பும் வண்டி ஒன்றே ஒன்றுதான். பெத்திக்குப்பம் பக்கம் உள்ள ஒரு தொழிலாளர் விடுதியிலிருந்து.

வியாழக்கிழமை மதியம் ஹெலனை அழைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. தப்பாகிப்போனால் அவர் முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும். போகும்போது பாதி வழியில் ஹெலனே கேட்டார், “அறிக்கய குடுக்கிற அன்னிக்கு என்ன எங்க கடத்திக்கினு போற?”

விடுதி வாசலில் நாற்பது பேர் பேருந்துக்கு நின்றார்கள். மணி 1.18. வாசலுக்கு மேலே சுவரில் வைஃபை பெட்டி ஒன்று பச்சையாக மினுக்கியது. அதற்குக் கீழேதான் கூட்டம் நெருக்கமாக இருந்தது. எல்லார் கையிலும் ஃபோன்.

பாக்கியராஜ் அருகில் நின்றவரின் ஃபோனை எட்டிப் பார்த்தார். பிறகு அடுத்தவருடையதை. பிறகு ஹெலனின் முழங்கையைத் தொட்டு அந்தப் பக்கம் காட்டினார்.

ஹெலனுக்கு ஒடியா எழுத்து தெரியாது. ஆனால் பக்கத்தின் உச்சியில் உள்ள படம் தெரியும். கட்டுப் போட்ட கை. போன வருடம் அவரே தன் கைக்குத் துணி சுற்றி எடுத்த படம். அது ஏழெட்டு ஃபோனில் இருந்தது.

ஹெலன் ஒடியாவில் ஏதோ கேட்டார். கூட்டம் திரும்பியது. சிரிப்பு, தோளைத் தட்டல், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவது. ஹெலன் கேட்டுக்கொண்டே நின்றார். பாக்கியராஜுக்குச் சொல்லத் திரும்பியபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஷெட்டுக்குள்ள டவர் இல்லியாம்ணா. அடிபட்டா அங்க எதுவும் தொறக்காது. அதனால இங்கயே தொறந்து வச்சிக்கினு, மூடாம பாக்கெட்ல போட்டுக்கினு போறாங்க. புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துடுவாங்களாம்.”

யாருக்காவது தேவைப்பட்டதா என்று பாக்கியராஜ் கேட்கச் சொன்னார். ஹெலன் கேட்பதற்கு முன்பே ஒருவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் தையல் போட்ட தழும்பு. விரல் முழுசாக இருந்தது. மடக்கி நீட்டியும் காட்டினார். துண்டை ஈரத்துணியில் சுற்றி, பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்து எடுத்துப்போயிருக்கிறார்கள். பக்கத்தில் சொன்னபடி.

பேருந்து வந்தது. ஹெலன் அவர்களிடம் இன்னொன்று கேட்டார். ஏறிக்கொண்டே தலையாட்டினார்கள். என்ன கேட்டாய் என்றதற்கு, சாப்பிட்டார்களா என்று கேட்டதாகச் சொன்னார்.

திரும்பி வந்ததும் பாக்கியராஜ் நான்கு மாற்றங்கள் செய்தார். அந்த முகவரியை விலக்கல் பட்டியலிலிருந்து எடுத்தார். கடிகாரத்தை நம் நேரத்துக்குத் திருப்பினார். ஒரே வைஃபையில் வருகிற எல்லாருக்கும் முகவரி ஒன்றுதான் என்பதால், ஒரு முகவரிக்கு ஒருவர் என்று எண்ணுவதை மாற்றி, முகவரியையும் ஃபோன் வகையையும் சேர்த்து எண்ணச் சொன்னார். ஒரே மாடல் ஃபோன் வைத்திருக்கும் இருவர் அப்போதும் ஒருவராகவே விழுவார்கள். அதனால் எண்ணுக்கு முன்னால் ‘குறைந்தது’ என்று வரும்படி அமைத்தார். நான்காவதுதான் அவருக்கு நேரம் பிடித்தது.

ஐந்து மணிக்கு ஸுப்ரஜா தாளைக் கையில் எடுத்தார். ரயிலுக்கு நேரமாகியும் உட்கார்ந்து படித்தார். ‘கை அடிபட்டால்’: குறைந்தது முப்பத்தாறு பேர், வாரம் ஆறு நாள், நாளுக்கு மூன்று வேளை. தங்கிய நேரம் என்ற கட்டத்தில் முன்பு பூஜ்யம் இருந்த இடம் இப்போது காலியாக இருந்தது. இது ஏன் வரவில்லை என்று கேட்டார்.

இரண்டாவது பக்கத்துக்குப் போனால்தான் முதல் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று மென்பொருளுக்குத் தெரியும். போகாவிட்டால் அது பூஜ்யம் என்று போட்டுவிடுகிறது. அப்படிப் போடாதே என்று எழுதியதுதான் அந்த நான்காவது மாற்றம் என்று பாக்கியராஜ் விளக்கினார்.

“வெளியே போன நேரம் தெரியலன்னா, ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம் மேடம். இங்க எட்டு மணி நேரம் பாக்கெட்டுக்குள்ள இருக்கு.”

ஸுப்ரஜா பேனாவை எடுத்தார். எடுக்கவேண்டிய பக்கங்களின் பட்டியலில் முதல் வரியை அடித்தார். பிறகு முன்மேசையைப் பார்த்து, தீக்காயம் பற்றிய பத்தி நாளைக்கே ஏறிவிடுமா என்று கேட்டார். இன்னும் இரண்டு விடுதிகளில் அந்தப் பக்கத்தின் வெப்சைட் முகவரியைச் சுவரில் ஒட்டலாம் என்றார்.

ஹெலன் தலையாட்டினார். ஃபோனைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். ஒரு வார்த்தையில் நெற்றி சுருங்கியது. நிறுத்தி, அதை மட்டும் திரும்பப் பேசினார்.