கொம்பு நனைத்த தண்ணீர்

ஷைனியைத் தாராவியில் எல்லோரும் குதிரைக்காரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் குதிரை அவளுடையது இல்லை, கரீம் பாட்சாவுடையது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறிப்போகும் வெள்ளைக் குதிரைகளை அவர் கொட்டடி போட்டு வைத்திருந்தார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவை சும்மா நின்று தின்னும். அதற்கு வழி கண்டவள் ஷைனி. சாந்தினி என்ற சாதுவான பெட்டைக் குதிரையின் நெற்றியில் தங்கநிறக் கொம்பு ஒன்றைத் தோல்வாரால் கட்டி, செம்பூர், தாணே என்று பிறந்தநாள் வீடுகளுக்கு யூனிகார்ன் என்ற ஒற்றைக் கொம்புக் குதிரையாக நடத்திக்கொண்டு போனாள்.

குதிரையைக் காட்ட யாராலும் முடியும். ஷைனிக்குக் கதை சொல்ல வரும். எல்லாம் போனில் தேடித்தேடிப் பொறுக்கியவை. கிரேக்க வைத்தியர் ஒருவர், இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்காமல், இங்கே ஒற்றைக் கொம்புக் கழுதை திரிகிறது, அந்தக் கொம்பில் குடித்தால் விஷம் ஏறாது என்று எழுதிவைத்த புளுகு. சீனாவில் புல்கூட நோகாமல் நடந்து, மகான் பிறக்கும்போது மட்டும் தலைகாட்டும் மிருகம். நம் பக்கத்தில் தலையில் கொம்போடு பிறந்து, பஞ்சம் பிடித்த நாட்டில் கால் வைத்ததும் மழையைக் கொட்டவைத்த முனிவர். பாதித் தமிழ், பாதி இந்தியில் அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கேக்கைக்கூட மறந்துவிடும்.

ஐரோப்பாக் கதையைக் கடைசிக்கு வைத்திருப்பாள். பாம்பு விஷம் கக்கிய குளம். தாகத்தோடு கரையில் காத்து நிற்கும் மிருகங்கள். ஒற்றைக் கொம்பன் வந்து கொம்பை நனைக்கும். விஷம் முறிந்துபோகும், எல்லாம் குடிக்கும். இதற்கு ஒரு வாலும் உண்டு. யார் கைக்கும் சிக்காத அந்த மிருகம் ஒரு கன்னிப்பெண்ணின் மடியில் மட்டும் தலைசாய்க்குமாம். அவளை உட்காரவைத்துவிட்டு வேட்டைக்காரர்கள் புதருக்குள் ஒளிந்திருப்பார்களாம். பிள்ளைகள் அழும் என்று ஷைனி அதைச் சொல்வதே இல்லை.

குளத்துக்குப் பதிலாக ஒரு பித்தளை அண்டாவில் ரோஜா இதழ் போட்ட தண்ணீர் வைத்தாள். இங்கேதான் வினை பிடித்தது. சாந்தினி கொம்பை நனைக்கும்போது மூக்கையும் நனைக்கும், இரண்டு மடக்கு குடிக்கவும் செய்யும். ஷைனி மாதா கோயிலில் சாமியார் தெளிக்கும் தண்ணீருக்குத் தலையைக் காட்டி வளர்ந்தவள். பிள்ளைகள் தலையிலும் அப்படித் தெளிக்கத்தான் நினைத்தாள். ஆனால் செம்பூர்த் தமிழ் வீடுகளில் அவள் கரண்டியை எடுத்ததுமே கைகள் நீண்டன. தீர்த்தம் வாங்குவதுபோல உள்ளங்கையைக் குழித்து வாங்கி, உறிஞ்சிவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார்கள்.

முதல் தடவை அவளுக்குத் திக்கென்றது. குதிரை வாய் வைத்த தண்ணீராயிற்றே. வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் இன்னும் நாலு கை நீண்டுவிட்டது. பிறகு தீர்த்தத்துக்காகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஷைனியும் குட்டி பாட்டிலில் அடைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். என்ன புத்தியோ, போங்கள்.

கிங்ஸ் சர்க்கிளில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சங்கரேஸ்வரி குடும்பம் செம்பூரில் குடியிருந்தது. அவள் மகன் ஆதித்யனுக்குப் பிறந்தநாள். அன்று காலை சாந்தினியின் ஒரு பக்க மூக்கிலிருந்து மஞ்சளாக ஒழுகியது.

"பாய், இதுக்கு மேலுக்கு முடியல போல. இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிருவோமா?"

"சளிதாம்மா. தொடச்சு விட்டுட்டுக் கூட்டிட்டுப் போ. சொன்ன வீட்டுக்குப் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் கரீம் பாட்சா.

ஷைனி துடைத்தாள். ஆதித்யன் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தான். அவன் அம்மா ஒரு பாட்டிலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொட்டடியில் இன்னொரு குதிரைக்கும் மூக்கு ஒழுகிற்று. சாந்தினியின் காலில் புண் கட்டிகட்டியாகக் கிளம்பியது. சாய்நாத் என்ற அரசாங்க மாட்டு டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். கிளாண்டர்ஸ் என்று முடிவு வந்தது. அந்தத் தொற்று கண்ட குதிரையைச் சட்டப்படி கொன்று ஆழமாகப் புதைக்க வேண்டும்.

அதற்குக் குறித்த நாள் காலையில் டாக்டர் முகமூடியும் கையுறையுமாக வந்தார். சாந்தினி அவரைக் கண்டு மிரண்டு, யாரையும் அண்டவிடவில்லை. "நீ பிடிம்மா" என்றார். ஷைனிக்கும் கையுறை கொடுத்தார்கள். அவள் கழுத்தைத் தடவிக் கொடுத்ததும் அது அடங்கிப் படுத்து, தலையை அவள் மடியில் வைத்தது. ஊசி இறங்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் ஒளித்துவைத்த கதை தன் மடிக்கே வந்துவிட்டதே என்று ஷைனி நினைத்துக்கொண்டாள்.

"இது மனுஷனுக்கும் வரும்," என்றார் சாய்நாத் இந்தியில். "உயிருக்கே ஆபத்து. குதிரையோடு பழகியவர்கள் எல்லோரும் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். வெளியே எங்காவது கொண்டுபோனீர்களா?"

கரீம் பாட்சா இல்லை என்று தலையாட்டினார். ஷைனி வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் போனதும் அவர் அவளிடம் வந்தார். "அப்படியே இரு. வெளிய தெரிஞ்சா மொதல்ல உன்னத்தான் தேடுவாங்க. கரண்டி புடிச்சது உன் கை."

அந்தப் பேச்சுதான் அவளைச் செம்பூர் பஸ்ஸில் ஏற்றியது. எத்தனை வீட்டில், எத்தனை பிள்ளைகள் வாயில் அந்தக் கை ஊற்றியது! ஒழுகுகிற மூக்கைத் துடைத்துவிட்டுப் போன வீடு முதலில் நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனாள்.

சங்கரேஸ்வரி கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தாள். "அட, ஷைனியா? நானே உனக்குப் போன் போடணும்னு இருந்தேன். தண்ணி தீந்துபோச்சு."

"எந்தத் தண்ணிக்கா?"

"நீ குடுத்ததுதான். இவனுக்கு முந்தாநாள்லேர்ந்து காய்ச்சல். நெஞ்சு வலிக்குதுங்கான். மாத்திரைக்கும் கேக்கல. வேளாவேளைக்கு அதுலதான் ஒரு மூடி குடுத்துட்டு வந்தேன்."

ஷைனி உள்ளே நுழைந்தாள். "அக்கா, குதிரைக்குத் தொத்து வியாதி. இன்னைக்குக் காலைல ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க. அது வாய் வச்ச தண்ணிக்கா அது. அதுல வெஷம் இருக்கு. இவன இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். என்ன வியாதின்னு டாக்டர்ட்ட நான் சொல்லுதேன்."

சங்கரேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. "வெஷமா? வெஷத்த முறிக்கும்னு நீதான சொன்ன?"

அவளுக்குப் பின்னால் சோபாவில் சுருண்டு கிடந்த ஆதித்யன் ஷைனியைப் பார்த்துவிட்டான். எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே உள்ளங்கையைக் குழித்து நீட்டினான்.

ஷைனி அந்தக் கையை மூடிப் பிடித்து, அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். உடம்பு கொதித்தது.