பதினேழு காலி வீடுகள்

ஐம்பதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில் ஒரு தற்காலிக அலுவலகத்தில், அதைவிடத் தற்காலிகமான ஒரு வேலையில் இருந்தேன். செங்கல்பட்டு நகரம், கூடுவாஞ்சேரி, கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரையிலான கடற்கரை ஆகிய இடங்களில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு இல்லை, எத்தனை வீடுகளுக்குக் குடும்பம் இல்லை, வாடகையும் மனை விலையும் எந்தப் பக்கம் போகின்றன என்று கண்டறிந்து அறிக்கை எழுத வேண்டும். பொருளாதாரம் படித்தவன் என்று என்னை எடுத்தார்கள். படித்ததை நானும் யாரையும் மறக்க விடவில்லை. தடித்த புத்தகம் ஒன்று எப்போதும் என் கக்கத்தில் இருக்கும். திடீர் மழையில் தலைக்குப் பிடிக்க நன்றாக உதவியது.

நகரத்தில் வேலை சுலபமாக முடிந்தது. வீட்டுக்காரர்கள் வரிக்குப் பயந்து வாடகையைக் குறைத்துச் சொன்னார்கள். குடியிருப்பவர்கள் வீட்டுக்காரர் மேலிருந்த கோபத்தில் ஏற்றிச் சொன்னார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். யாருமே கொடுக்காத, யாருமே வாங்காத அந்த வாடகைக்கு ‘சந்தை நிலவரம்’ என்று தலைப்பிட்டேன்.

கூடுவாஞ்சேரியில் ஒரு மனைத் தரகர் குடையால் வயல் ஒன்றைச் சுட்டிக்காட்டி, “இது மெயின் ரோடு. அது பார்க்கு. அதோ எருமை நிக்குதே, அங்க போஸ்டாபீசு வருது சார்” என்றார். எருமையை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதிக்கொண்டேன். இன்று அந்த ஊரைப் பார்க்கும்போது, எங்கள் இருவரில் தொலைநோக்கு அவருக்குத்தான் இருந்தது என்று தெரிகிறது.

பிறகு கோவளம். மீனவர் குப்பத்தில் ஒரு வரிசை வீடுகள் மூடிக் கிடந்தன. பலகைக் கதவுகளைக் கயிற்றால் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணேறு கழிப்பதற்கு என்று நானாகவே முடிவு செய்து, ‘மூடநம்பிக்கை மிகுதி’ என்று குறித்தேன். சான்றுக்கு ஒரு கட்டையை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, “எல்லாம் பூட்டாங்க சார்” என்றார். எங்கே போனார்கள் என்று கேட்க என் படிவத்தில் கட்டம் இல்லை. ஒவ்வொரு கதவிலும் சாக்கட்டியால் ‘காலி’ என்று எழுதி, எண்ணும் போட்டேன். மொத்தம் பதினேழு.

அடுத்த வாரம் கடப்பாக்கம். இடிந்த கோட்டைக்கு அருகில், மணலில் துடுப்புகளை நட்டு, மேலே கீற்றைச் சாய்த்துச் சில குடும்பங்கள் இருந்தன. முதல் கீற்றுக்கு அடியில் மீன் கழுவிக்கொண்டிருந்த நாற்பது வயதுப் பெண்மணியிடம், இங்கே உங்களுக்கு வீடு உண்டா என்று கேட்டேன்.

“இங்க ஏது வூடு? கீத்துதான் கீது. பாத்துகினுதானே நிக்கிறே” என்றார்.

‘வீடு இல்லை’ என்று எழுதினேன். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வெயில் கடுமையாக இருந்ததால் அதை யாரிடமும் கேட்கவில்லை. பேருந்துக்குக் காத்திருந்தபோது மதகுச் சுவரில் உட்கார்ந்து, எல்லாப் படிவத்திலும் ‘கடப்பாக்கம்’ என்று நானே நிரப்பிவிட்டேன்.

அன்று மாலை எண்ணிப் பார்த்தால் வீடற்ற குடும்பங்கள் பதினேழு. கோவளத்தில் காலி வீடுகளும் பதினேழு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தேவையும் இருப்பும் இப்படி ஒன்றுக்கொன்று சரியாக வந்து நிற்பதை நான் படித்த புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. இந்தப் பதினேழு குடும்பங்களை அந்தப் பதினேழு வீடுகளில் குடியேற்றலாம் என்று பரிந்துரை எழுதினேன்.

என் மேலதிகாரி இரண்டு முறை படித்தார். “செலவே இல்லாம ஒரு பிரச்சினையைத் தீர்த்துட்டீரே ஐயா” என்று தட்டிக்கொடுத்தார். கூடவே தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். எட்டு நாளைக்குள் கடப்பாக்கத்துக்காரர்கள் வந்து குடியேறாவிட்டால், செங்கல்பட்டு ரயில் பாதையோரத்திலிருந்து அகற்றப்படுகிறவர்களுக்கு அந்த வீடுகளைக் கொடுத்துவிடலாம். திங்கட்கிழமை உத்தரவு கோவளத்துக்குப் போகும். அதற்கு முன் கடப்பாக்கம் போய் நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்.

சனிக்கிழமை போனேன். கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு, உங்கள் எல்லோருக்கும் வீடு கிடைத்துவிட்டது என்று அறிவித்தேன். கைதட்டுவார்கள் என்று சற்று நிறுத்தினேன்.

“எந்த ஊருல?” என்றார் அந்தப் பெண்மணி.

“கோவளத்தில்.”

“கோவளத்துல எங்க?”

“குப்பத்தில், இரண்டாவது வரிசை. காலியாகக் கிடக்கிறது. கதவுகளில் ஏதோ கட்டை தொங்கும்.”

அவர் எழுந்து, காய்ந்துகொண்டிருந்த வலையைத் தூக்கி, அதன் ஓரத்தில் இருந்த மிதப்புக் கட்டை ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு வட்டமும் மூன்று கோடுகளும் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டிருந்தன. “இந்தமாரி கட்டையா?”

அதே மாதிரிதான் என்றேன். அந்தக் கணத்தில்கூட எனக்குப் பெருமைதான்.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். வருஷத்தில் நாலு மாதம் அவர்கள் வலையை எடுத்துக்கொண்டு, கால்வாய்ப் படகில் பெண்டு பிள்ளைகளோடு கடப்பாக்கம் வந்துவிடுவார்கள். புறப்படும்போது வலையிலிருந்து ஒரு மிதப்பைக் கழற்றி வீட்டுக் கதவில் கட்டுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் குறி உண்டு. வலையோடு போயிருக்கிறோம், வலையோடு திரும்புவோம் என்பது அதன் பொருள். குப்பத்தில் யாரும் அந்தக் கதவைத் தொட மாட்டார்கள்.

“நம்ம வூட்டுலயே நம்மள குடி வெக்கிறாரு அண்ணாத்த” என்றார் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம். “நாஸ்தா குடுத்து அனுப்பு. வெயில்ல வந்துகீறாரு.”

கடற்கரையே சிரித்தது. நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். அப்புறம்தான் எட்டு நாள் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. மீன் படுகிற மாதத்தை விட்டுவிட்டு அவர்கள் எட்டு நாளில் திரும்ப முடியாது. திரும்பும்போது வீட்டில் வேறு யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் யோசித்தேன். பாராட்டு வாங்கிய அறிக்கை. தப்பு என்று சொன்னால் தற்காலிக வேலை முடிந்துபோன வேலையாகிவிடும். என் முகத்தில் அது எழுதியிருந்ததோ என்னவோ, அந்தப் பெண்மணி குறுக்கே வந்தார். “தப்பு யாரு மேலன்னு அப்பால பாத்துக்கலாம். திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கு நானும் வரேன். நீ போய் அந்தக் காயிதத்த புடிச்சி வையி.” பிறகு திரும்பி, “ஆளுக்கு ஒரு கட்டைய அவுத்துக் குடுங்க” என்றார்.

திங்கட்கிழமை அதிகாரியின் மேசையில், கையெழுத்துக்குக் காத்திருந்த உத்தரவின் பக்கத்தில், பதினேழு மிதப்புக் கட்டைகள் உட்கார்ந்தன. அறையில் கடப்பாக்கமே வந்து உட்கார்ந்ததுபோல் வாசனை. அவர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, இதெல்லாம் ஆதாரமாகுமா என்று கேட்டார்.

“கோவளத்துக்கு வா சார். கதவுல கீற குறியயும் இதயும் வெச்சிப் பாரு. ஒண்ணு மாறினாலும் என் வூட்ட எடுத்துக்கோ” என்றார் கூட வந்திருந்த அந்தப் பெண்மணி.

அதிகாரி அலுவலக ஜீப்பை வரவழைத்தார். கோவளத்தில் முதல் கதவில் மீன் வால்போல் ஒரு குறி. கையிலிருந்த கட்டையிலும் அதுவே. இரண்டாவது பொருந்தியது. மூன்றாவதும். ஒவ்வொன்றாகப் பதினாறு பொருந்தின. கடைசிக் கதவு அந்தப் பெண்மணியுடையது. அதில் கயிறு மட்டும் இருந்தது. கட்டை இல்லை.

முதல் தடவையாக அவர் முகம் வெளுத்தது. “நான் கட்டினேன் சார். என் கையால கட்டினேன்” என்றார். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

என் பையில் அறிக்கை இருந்தது. மேசையில் அது காற்றுக்குப் பறக்காமலிருக்க, சில நாட்களாக அதன் மேல் வைத்துவந்த மரக்கட்டையும் கூடவே இருந்தது. மூடநம்பிக்கைக்குச் சான்று. காகிதத்துக்குப் பாரமாக வைத்திருந்தேன் என்று சொல்லி எடுத்து நீட்டினேன். ஒரு வட்டம், மூன்று கோடுகள்.

அந்தப் பெண்மணி அதை வாங்கித் துடைத்தார். “காயிதம் பறந்துடும்னு கட்ட வெச்சிகினே. அந்தக் காயிதத்து மேல கீற அக்கற என் வூட்டு மேல இல்லியே” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதிகாரி அங்கேயே, ஜீப்பின் முன்புறத்தில் வைத்து, உத்தரவை ரத்து செய்து எழுதினார். அப்போதும் அந்தப் பெண்மணி விடவில்லை. “வூடு வோணாம்னு நான் சொல்லல. கடப்பாக்கத்துல அந்த நாலு மாசத்துக்கு மழ ஒழுவாத ஒரு கொட்டாய் வோணும். அத எழுது” என்றார்.

“ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வீடா? அதுக்குக் கட்டமே இல்லையே” என்றார் அதிகாரி.

“இல்லன்னா இன்னா? ஒண்ணு போடு.”

ஸ்கேலை வைத்து அந்தக் கட்டத்தைப் போட்டவன் நான்தான். அந்த அறிக்கையில் உருப்படியாக இருந்த பகுதி அது ஒன்றுதான். மறு வருஷமே இல்லாவிட்டாலும், அதற்கடுத்த வருஷம் கடப்பாக்கத்தில் ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை ஒன்று எழுந்தது. என் வேலையும் எப்படியோ தப்பியது.

அன்று கோவளத்திலிருந்து புறப்படுவதற்கு முன் அந்தப் பெண்மணி என்னிடம், “நீ எழுதினத நீயே அழி” என்றார். பதினேழு கதவுகளையும் என் கைக்குட்டையால் துடைத்தேன். கடைசிக் கதவை அவர் திறக்கவே இல்லை. கட்டையைப் பழையபடி கட்டி, முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கடப்பாக்கம் திரும்பப் பேருந்து எப்போது என்று விசாரிக்கப் போய்விட்டார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. எத்தனையோ ஊர்களுக்கு எத்தனையோ அறிக்கைகள் எழுதிவிட்டேன். ஆனாலும் எந்தத் தாளிலாவது ‘காலி’ என்ற சொல் கண்ணில் பட்டால், இன்றும் என் கை முதலில் கைக்குட்டையைத்தான் தேடுகிறது.