செவஸ்தியின் வலது கண்

ஜனவரி மாதத்தில் எங்கள் நிசிரோஸ் தீவைச் சுற்றிப் பார்க்க யாரும் வருவதில்லை. குளிர் ஒன்றும் பெரிதாக இருக்காது. எலுமிச்சை காய்த்துக் குலுங்கும், சில வருடம் பாதாம் மரம் அவசரப்பட்டுப் பூத்தே விடும். ஆனால் சாப்பாட்டுக் கடைகள் சாத்தியிருக்கும். எரிமலைக்குப் போகிற பஸ் ஷெட்டில் கிடக்கும். கப்பல் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ, அதுவும் காற்று மனது வைத்தால்தான். கோடை முழுக்க வெளியூர்க்காரர்களிடம் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்த நாங்கள், அந்த மூன்று மாதமும் எங்கள் மூஞ்சிகளையே பார்த்துச் சலித்துக்கொண்டு கிடப்போம்.

செவஸ்தி என் மளிகைக் கடைக்கு எதிர்வீட்டுக்காரி. வயது அறுபத்தொன்று. புருஷன் போன பிறகு மாடியிலிருக்கும் நாலு அறையைக் கோடையில் வாடகைக்கு விட்டுத்தான் மகளைப் படிக்க வைத்து ஏதென்ஸில் கட்டிக்கொடுத்தாள். தைரியசாலி, வாய்க்காரி. இரண்டு வருடமாக அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவாள். போன ஈஸ்டரன்று கோயில் வாசலில் பாதிரியாரின் மனைவியைப் பிடித்து, "என்னடா நிக்கித்தா, இப்படிப் பெருத்துட்டே?" என்று கேட்டுவிட்டாள். நிக்கித்தாஸ் நான்தான். பாதிரியாரின் மனைவி இன்றுவரை என் கடையில் சாமான் வாங்குவதில்லை.

ரோட்ஸ் தீவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் எழுதிப்போட்டு, ஒன்பது மாதம் காத்திருந்து, ஒருவழியாக வலது கண்ணுக்குத் தேதி கிடைத்தது. ஜனவரி மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை. புதன்கிழமைக் கப்பலில் போனால் ஒரு நாள் கையிலிருக்கும் என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமையே பையைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானக் கப்பலில் அந்த ஆள் வந்து இறங்கினான். நெட்டையாக, நரைத்த தாடியோடு, சக்கரப் பையைக் கல்லு பாவிய சந்தில் கடகடவென்று இழுத்துக்கொண்டு நேராக அவள் வாசலில் வந்து நின்றான்.

"வணக்கம் அம்மையீர். தாங்கள்தாம் செவஸ்தி அம்மையாரோ? யான் தங்கள் இல்லத்தில் ஐந்து இரவுகள் தங்க வந்துளேன்."

செவஸ்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் கடைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "நிக்கித்தா! இங்க ஒருத்தன் நின்னு வேதம் ஓதறான். என்ன வேணும்னு கேளு!"

அவன் பெயர் லீவன். பெல்ஜியத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பழைய கிரேக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறான். எங்கள் பேச்சு அவனுக்கு அந்த வழியாகத்தான் வந்திருந்தது. ரொட்டி கேட்டால்கூடக் கல்வெட்டு படிக்கிற மாதிரி இருக்கும். கையில் தாள் ஒன்று வைத்திருந்தான். செவஸ்தியின் வீட்டுப் படம், அறை, தேதி எல்லாம் அச்சடித்திருந்தது.

அறைகளை வாடகைக்கு விடும் வலைப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ஏதென்ஸிலிருக்கும் மகள் கலோத்தினா. செவஸ்தி உடனே போன் போட்டாள்.

"அம்மா, ஜனவரியை மூடணும்னுதான் நெனச்சிருந்தேன். மறந்துட்டேன்."

"நீ மறந்துட்டே. அவன் மறக்கலையே! குத்துக்கல்லு மாதிரி வந்து நிக்கிறான்."

"வேற எங்கயாவது அனுப்பிடேன்."

"எங்க அனுப்ப? எரிமலைக்குள்ள தள்ளவா? ஊரே பூட்டிக் கிடக்குடி!"

அன்று சாயங்காலம் வரை அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒரு வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஒரு வீட்டில் குழாய் உடைந்திருக்கிறது. இன்னொரு வீட்டுக்காரி பேத்தியைப் பார்க்கப் போய்விட்டாள். கடைசியில் அவனுக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டு, ஈரமாயிருந்த மெத்தையைப் புரட்டிப்போட்டு, சுடுதண்ணி போடுகிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.

"புதன்கிழமை நான் போயிடுவேன். சாவி நிக்கித்தாகிட்ட குடுத்துட்டுப் போ. புரியுதா?"

"புரிகின்றது. எரிமலையைக் காண எவ்வாறு செல்வது?"

"நடந்து."

"உணவு விடுதி?"

"ஏப்ரல்ல வா."

செவ்வாய்க்கிழமை மத்தியானமே தெற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அலை துறைச் சுவரைத் தாண்டி சாலையில் விழுந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கே பையோடு துறைமுகத்தில் போய் நின்றாள் செவஸ்தி. கப்பல் கிளம்பத் தடை என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவளால் அதைப் படிக்க முடியவில்லை. நான் படித்துச் சொன்னேன்.

"நல்லாப் படி. நேத்து நோட்டீஸா இருக்கும்."

"இன்னிக்குத் தேதிதான் அக்கா."

பத்து மணிவரை அங்கேயே பை மேல் உட்கார்ந்திருந்தாள். கப்பல் வரும் திசையைப் பார்த்தபடி இருந்தாள், அவளுக்குக் கடலும் வானமும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது வழியில் லீவன் எதிர்ப்பட்டான். அருங்காட்சியகம் பூட்டியிருக்கிறது, வெந்நீர்க் குளியல் பூட்டியிருக்கிறது, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்று போட்டிருந்த காபிக்கடையும் பூட்டியிருக்கிறது என்று அவன் புலம்ப ஆரம்பித்தான்.

செவஸ்தி வெடித்துவிட்டாள். "ஒன்பது மாசம்யா! ஒன்பது மாசம் காத்திருந்து கண்ணுக்குத் தேதி வாங்கினேன். காத்து வந்து கெடுத்துடுச்சு. நீ காபிக்கடை பூட்டியிருக்குன்னு அழறே! யாரு உன்னை வரச் சொன்னது?"

"தங்கள் புதல்வியார்," என்றான் லீவன். அவனுக்கும் கோபம் வந்திருந்தது. "மிதமான குளிர், அமைதியான தீவு, அன்பான விருந்தோம்பல் என்று எழுதியவர் அவரே. அமைதி மட்டுமே கண்டேன்."

நான் சிரித்துவிட்டேன். இருவரும் என்னை முறைத்தார்கள்.

அன்று மாலை ஒரு சேதி வந்தது. அடுத்த ஊரான பாலியில் மீன் பிடிக்கிற யகூமிஸ், வியாழக்கிழமை காலையில் காற்று கொஞ்சம் தணிந்தால் கோஸ் தீவுக்குப் படகு விடுவானாம். கோஸிலிருந்து ரோட்ஸுக்குப் பெரிய கப்பல் உண்டு. அது இந்தக் காற்றுக்கெல்லாம் அசராது. செவஸ்திக்கு உயிர் வந்தது. புருஷனின் பழைய பிக்கப் வண்டி கொட்டகையில் இருந்தது. ஆனால் யார் ஓட்டுவது? எனக்கு ஸ்கூட்டர்தான் தெரியும். காற்றில் அதில் அவளை ஏற்றிப் போனால் இருவரும் கடலில்தான் இருப்போம்.

"யான் ஓட்டுவேன்," என்றான் லீவன்.

மறுநாள் காலை மூவரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு கிளம்பினோம். வண்டி மூன்று முறை நின்றது. ஒவ்வொரு முறையும் செவஸ்தி புருஷனின் பெயரைச் சொல்லித் திட்டினாள். பாலிக்குப் போய்ச் சேர்ந்தால், யகூமிஸ் படகின் மேல் இன்னொரு கயிற்றைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா, கட்டறே? அவிழ்க்கணும்ல?"

"துறைமுகத்துல விடமாட்டேங்கறாங்க அக்கா. போனா என் லைசன்ஸ் போயிடும்."

"காத்து தணிஞ்சிருக்கேடா!"

"தணியல. நீ மலைக்கு மறைவா நிக்கறே. அந்த மூலை தாண்டினா தெரியும்."

அவள் அங்கேயே நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வர முடியாவிட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும், அடுத்த தேதி அக்டோபரில் கிடைக்கலாம் என்றாள். செவஸ்தி போனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். யகூமிஸ் இறுக்கிக்கொண்டிருந்த கயிற்றின் மறுமுனையைத் தானே பிடித்துக் கொடுத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

லீவன் மெல்லக் கேட்டான். "எரிமலை இச்சாலை வழியேதானே?"

நான் கண்ஜாடை காட்டினேன், வாயை மூடு என்று. ஆனால் செவஸ்தி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டு. ஒருத்தனோட காரியமாவது நடக்கட்டும்."

நடக்கவில்லை. மேலே ஏற ஏற மேகம் இறங்கிவிட்டது. எரிமலை வாயின் அடித்தளத்தில் நாங்கள் இறங்கி நின்றபோது பத்தடி தள்ளி ஒன்றும் தெரியவில்லை. கீழே பூமி கொதிக்கிற சத்தம், கந்தக நாற்றம், ஷூ வழியாக ஏறும் சூடு, மேலே தூறல். சுற்றிலும் பாலைக் கரைத்து ஊற்றினது போல வெள்ளை. லீவன் கேமராவைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான்.

"ஒன்றுமே புலப்படவில்லை," என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவன்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டாள் செவஸ்தி. "எனக்கு ரெண்டு வருஷமா இப்படித்தான். வெயிலடிச்சாலும் இப்படித்தான்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அதுவரை அவன் அவளை வாய்த்துடுக்கான வீட்டுக்காரி என்று மட்டுமே நினைத்திருந்தான் என்று நினைக்கிறேன். புயலடிக்கும் நாட்களில் தன் பள்ளியும் இப்படித்தான், தூரத்துக் கிராமப் பிள்ளைகள் வரமாட்டார்கள், பாதி இருக்கை காலியாகவே கிடக்கும் என்று சொன்னான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று, வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

செவஸ்தி அவன் கையைப் பிடித்தாள். "என்ன சொன்னே? திரும்பச் சொல்லு."

"இருக்கைகள் காலியாக—"

"அதான்! நிக்கித்தா, காத்து நமக்கு மட்டுமா அடிக்குது? எங்கேயோ தூரத்துத் தீவுக்காரனும்தானே மாட்டிக்கிட்டிருப்பான்? அவன் தேதி திங்கக்கிழமைன்னு வெச்சுக்கோ. அவனும் வரமாட்டான். அப்ப அந்தப் படுக்கை?"

சனிக்கிழமை காற்று இறங்கி, எங்கள் கப்பல் வந்தது. செவஸ்தி தேதி எதுவும் இல்லாமலே அதில் ஏறினாள். லீவனும் அதே கப்பலில்தான் போனான்; அவன் விமானம் ரோட்ஸிலிருந்து திங்கள் சாயங்காலம்தான். அதுவரை இருவரும் துறைமுகத்துப் பக்கம் ஒரு விடுதியில் ஆளுக்கோர் அறை எடுத்துத் தங்கினார்கள். திங்கட்கிழமை காலை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போனான். அங்கே நடந்ததை அவள் எனக்கு ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

"உங்க பேரு இன்னிக்கு லிஸ்ட்ல இல்லையேம்மா," என்றாள் மேசையிலிருந்த பெண்.

"இல்லை. இன்னிக்கு லிஸ்ட்ல இருக்கறவங்க எல்லாரும் வந்துட்டாங்களா?"

"அதை உங்ககிட்ட சொல்ல முடியாது."

"கிழக்கே கடைசித் தீவுக்குக் கப்பல் நாளைக்குத்தான் போகுது. துறைமுகத்துல விசாரிச்சுட்டுதான் வந்தேன். அங்கேருந்து யாராவது இருக்காங்களா, பாரு."

"அம்மா, வீட்டுக்குப் போயிட்டு போன் பண்ணுங்க."

"வீட்டுக்குப் போக எனக்குக் கப்பல் புதன்கிழமைதான். அதுவரைக்கும் இந்த நாற்காலி காலியாதானே இருக்கு?"

உட்கார்ந்துவிட்டாள். லீவன் பக்கத்தில் நின்று, "இம்மூதாட்டிக்கு நீதி வழங்குவீராக" என்றானாம். அதைக் கேட்டதும் அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே எழுந்து போய்விட்டாளாம். "யாருடா மூதாட்டி?" என்று அவனையும் ஒரு பிடி பிடித்திருக்கிறாள் செவஸ்தி. மத்தியானம் அவன் விமானத்துக்குப் போய்விட்டான். இவள் கொண்டுபோன ரொட்டியையும் ஆலிவையும் தின்றுகொண்டு அங்கேயே இருந்தாள். மாலை நான்கு மணிக்கு ஒரு டாக்டர் வந்து, மறுநாள் காலை இரண்டு பேர் வரவில்லையென்றால் பார்க்கலாம் என்றார். வராதவர்கள் மூன்று பேர். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவள் வலது கண்ணில் இருந்த புரையை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் கண்ணில் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் மூடியோடு திரும்பி வந்தாள். வந்த சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தேன். நேராகத் தன் வீட்டு ஜன்னல் கதவுகளைப் பார்த்தாள்.

"நிக்கித்தா! இது ரெண்டும் ரெண்டு நீலம்டா!"

"நான் அடிச்சப்போ பெயின்ட் ஒரு டப்பா தீர்ந்துபோச்சு அக்கா, அதான் இன்னொரு டப்பா..."

"ரெண்டு வருஷமா ஊரே பார்த்துச் சிரிச்சிருக்கு, ஒருத்தன் வாய் திறக்கல!"

அன்று முழுவதும் அவள் வீட்டில் அறை அறையாகப் போய்ப் பூஞ்சையையும் சிலந்திவலையையும் கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். மகளுக்குப் போன் போட்டு, படத்தில் காட்டியிருக்கிற திரைச்சீலை இவ்வளவு அழுக்காகவா இருந்தது, ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தாள். கலோத்தினா பயந்துபோய் ஜனவரி மட்டுமில்லாமல் பிப்ரவரி மார்ச்சையும் சேர்த்து மூடிவிட்டாள்.

இடது கண்ணுக்கான கடிதம் ஜூலையில் வந்தது. கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில் அதைக் கொண்டுவந்து, என்னிடம் கொடுக்காமல் தானே உரக்கப் படித்தாள். தேதி அடுத்த ஜனவரி, கடைசி வியாழக்கிழமை.

"ஜனவரி," என்றாள். "மறுபடி ஜனவரி. இந்த ஊர்ல காத்து எப்ப அடிக்கும்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியாதா?"

"மே, ஜூனுக்கு மாத்திக் கேளு அக்கா."

"கேட்டேன். ஜூன்ல தர்றேங்கறாங்க. ஜூன்ல நாலு ரூமும் ஆளு. விட்டுட்டு எப்படிப் போவேன்?"

கடைசியில் பத்து நாள் முன்னாலேயே ரோட்ஸுக்குப் போய்த் தன் நாத்தனார் வீட்டில் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறாள். அந்த நாத்தனாரோடு அவள் பேசி பதினாலு வருடம் ஆகிறது. போன வாரம்தான் போன் செய்து பேசினாள். பேசி முடித்ததும் கடைக்கு வந்து, ஒரு கிலோ சர்க்கரை கேட்டு, என் முகத்தை வலது கண்ணால் நன்றாகப் பார்த்துச் சொன்னாள்: "வரச் சொல்லிட்டா. அவ குரல் கேட்டதுமே தலைவலி வந்துடுச்சு. பத்து நாள்டா, நிக்கித்தா. பத்து நாள்!"