கன்னி மூலை வாசல்

வீட்டை விற்கப் போட்டபோது வீட்டுத் தரகரான ரியல்டர் எழுதிய விளம்பரத்தைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரவேலைக்குப் பேர்போன பழைய கிராஃப்ட்ஸ்மன் பங்களா, உள்ளே முழுக்கப் புதுப்பித்தது, திண்ணை மாதிரி அகலமான முன் போர்ச், எங்கும் நடந்தே போகக்கூடிய தெரு. லிவர்மோரில் அந்த வீட்டில் இருபது வருடம் குடியிருந்தவள் நான். அந்தத் தெருவில் நான் நடந்த மொத்தத் தூரம் அடுப்படியிலிருந்து காருக்கு. காபிக் கடையும் லைப்ரரியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பால் வாங்கக்கூட நாங்கள் காரை எடுப்போம்.

போர்ச் கதை இன்னும் வேடிக்கை. அதில் நாங்கள் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அந்த வீட்டை வாங்கியதே என் கணவர் அதன் மரத்தில் மயங்கியதால்தான். ஜன்னலோரப் பெஞ்சு, சுவரோடு சேர்த்துச் செய்த அலமாரிகள், கனத்த உத்தரங்கள் என்று தடவித் தடவிப் பார்த்தார். அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் சென்னையிலிருந்து ஒரு வாஸ்துக்காரர் போனில் குண்டைப் போட்டார். வாசல் தென்மேற்கில் இருக்கிறது, அது கன்னி மூலை, வீட்டுக்காரருக்கு ஆகாது. என் கணவர் இன்ஜினியர். எதையும் நிரூபித்தால்தான் நம்புவார். ஆனால் உயிர் சமாசாரம் என்றதும், "எதுக்கு வம்பு" என்று அடங்கிவிட்டார். வீட்டைப் புதுப்பிக்கும்போது முன்கதவை உட்புறம் அடைத்து, அதன்மேல் ஆளுயரப் புத்தக அலமாரி ஒன்றை நிறுத்தினோம். பெல் வயரையும் பிடுங்கியாயிற்று. தெருவிலிருந்து பார்த்தால் கதவு அழகாகத்தான் இருக்கும். நாங்கள் புழங்கியது கிழக்கே வேலிக்கு அப்பால் கார் நிற்கும் டிரைவ்வேயைப் பார்த்திருக்கும் அடுப்படிக் கதவு வழியாக. தபால் பெட்டியும் அந்தப் பக்கம்தான்.

அதனால் அக்கம்பக்கம் என்று எங்களுக்கு ஒன்று இருக்கவில்லை. குறையாகவும் தெரியவில்லை. கோயிலில் பார்க்கிறவர்கள், பக்கத்து ஊர்களான டப்ளினிலும் ஃப்ரீமான்ட்டிலும் இருந்த சிநேகிதர்கள், ஆளுக்கொரு பண்டம் சமைத்து வரும் பாட்லக் என்று வாரக் கடைசிகள் ஓடின. பிறகு அவர்களில் ஒவ்வொருவராகப் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போனார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், காருக்குப் போகும் வழியில் டிரைவ்வேயில் என் கணவர் விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. கன்னி மூலையை அடைத்துவிட்டால் எமனுக்குப் பக்கத்து வழி தெரியாதா என்ன?

மகள் பிளானோவிலிருந்து ப்ளேன் பிடித்து ஓடி வந்தாள். கோயில் மனிதர்கள் வந்து அடுப்படிப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். தெருவிலிருந்து மட்டும் ஒரு ஜீவன் எட்டிப் பார்க்கவில்லை. நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஆம்புலன்ஸ் சத்தம் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஒருத்தருக்குக்கூட என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லையே என்று மனம் கசந்துவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கசப்புதான் எனக்குத் துணை. சாப்பிடும்போதும் அதனோடுதான் பேசினேன்.

"அங்க உனக்கு யாரும்மா இருக்கா? ஸீரியஸ்லி, நேம் ஒன் பெர்ஸன்" என்று மகள் ஒவ்வொரு போனிலும் கேட்பாள். எனக்கு அந்த வீட்டைவிட்டுப் போக விருப்பமில்லை. ஒரே ஒரு பேரைச் சொல்ல முடிந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன். சொல்ல முடியவில்லை. சரி, விற்றுவிடலாம் என்றேன்.

ரியல்டர் சென்னைப் பெண். வந்ததும் தலையில் கைவைத்தாள்.

"ஆன்ட்டி, போர்ச்தான் இந்த வீட்டோட முகமே. அதைப் போய் அடைச்சு வெச்சிருக்கீங்களே! ஃபர்ஸ்ட் வேலையா அதை ஓபன் பண்றோம். அப்புறம், கோச்சுக்காதீங்க, ஓபன் ஹவுஸ் முடியிற வரைக்கும் தாளிக்காதீங்க. ஸ்மெல் நிக்கும்."

தயிர்சாதமும் ஊறுகாயுமாக நாளை ஓட்டினேன். இரண்டு ஆட்கள் வந்து அலமாரியை நகர்த்தினார்கள். பெயின்ட் ஒட்டிப் போயிருந்த கதவு முரண்டு பிடித்துத் திறந்தது. மாலை வெயில் ஹாலின் கடைசி வரைக்கும் வந்து விழுந்தது. இத்தனை வருடம் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு இருந்த ஹால் அது. ரியல்டர் வாடகைக்குக் கொண்டுவந்த இரண்டு பிரம்பு நாற்காலிகளைப் போர்ச்சில் போட்டாள்.

வாங்க வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டும் ஓபன் ஹவுஸ் அன்று வீட்டுக்காரர்கள் அங்கே இருக்கக்கூடாதாம். கோயிலுக்குப் போய், பொழுது போகாமல் சீக்கிரமே திரும்பிவிட்டேன். போர்ச் ஓரமாக நின்றேன். நம் ஊர் இளம் தம்பதி ஒன்று படியில் நின்று போனில் திசை பார்த்துக்கொண்டிருந்தது.

"கன்னி மூலைங்க" என்றாள் அவள்.

"அதனால என்ன, சைடு டோர் இருக்கே. இதை க்ளோஸ் பண்ணிட்டாப் போச்சு" என்றான் அவன்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறக்கக்கூடாது என்று ரியல்டர் உத்தரவு. அந்த வாரமே வீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டது அவர்கள்தான்.

சாவியை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. பிரம்பு நாற்காலிகளை எடுத்துப்போக யாரும் வரவில்லை. ஒரு சாயங்காலம் காபியை எடுத்துக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தேன். நாயை நடத்திக்கொண்டு வந்த எதிர்வீட்டு அம்மாள் நின்றாள். என் வயதுதான் இருக்கும். வாய் நிறையச் சிரித்து, "எங்கள் தெருவுக்கு நல்வரவு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

புதிதாக வாங்கியவள் என்று நினைத்துவிட்டாள். நான் திருத்துவதற்குள் அவளே பேசிக்கொண்டு போனாள். இந்தக் கதவு திறந்திருப்பதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் யாரோடும் பழக விரும்பாதவர்கள். பாவம், அந்தக் கணவர் இறந்துபோனார். நாங்கள் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சூப்பும் கேக்கும் எடுத்துக்கொண்டு வந்து இந்தக் கதவைத் தட்டினோம். மறுநாளும் தட்டினோம். யாரும் திறக்கவில்லை. துக்கத்தில் தனியாக இருக்க நினைக்கிறார்கள் என்று, எல்லாவற்றையும் இங்கே வைத்துவிட்டுப் போனோம். எறும்பு மொய்த்த பிறகு நானே வந்து பாத்திரங்களை எடுத்துப்போனேன் என்று சொல்லி முடித்தாள்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அலமாரிக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டலும் கேட்கவில்லையே. "அது நான்தான்" என்றேன்.

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் நாய்க் கயிற்றை விட்டுவிட்டுப் படியேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். இரண்டு வருடமாக அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வாஸ்து என்றால் என்ன, அலமாரி ஏன் வந்தது என்று விளக்கப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

மிச்சமிருந்த நாளெல்லாம் சாயங்காலம் அவள் வந்து இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளோடு ஒருநாள் காபிக் கடைக்கு நடந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரியல்டருக்குப் போன் செய்து, விற்காமல் நிறுத்த வழி இருக்கிறதா என்று கேட்டேன். "ஆன்ட்டி, சைன் பண்ணியாச்சு. அவங்க லோனே அப்ரூவ் ஆயிடுச்சு" என்றாள்.

இப்போது பிளானோவில் இருக்கிறேன். மகள் வீட்டு வாசல் சுத்தமான கிழக்கு. எல்லாரும் கராஜ் வழியாகக் காரில் போய்க் காரில் வருகிறார்கள். பகல் முழுக்க வீட்டில் நானும் ஏசி சத்தமும்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் கூப்பிட்டாள். என் பழைய வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதாம், அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்கிறதாம். ரொட்டி செய்து எடுத்துப்போனாளாம். "இரண்டு நாள் தட்டிப் பார்த்தேன், யாரும் திறக்கவில்லை. இவர்களும் தனியாக இருக்க விரும்புகிறவர்கள்தான் போலிருக்கிறது" என்றாள்.

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "இல்லை. யார் சொன்னது? ரொட்டியை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். வேலியைச் சுற்றி டிரைவ்வே வழியாகப் போங்கள். அங்கே அடுப்படிக் கதவு இருக்கிறது. பெல் கிடையாது. திறக்கிற வரைக்கும் தட்டுங்கள்."