பித்தளைக் கட்டையும் கொளுத்தாத கற்பூரமும்

பலமனேரில் பால் குளிரவைக்கும் தொட்டி, பாகாலாவில் ஓர் ஐஸ் ஆலைக்கு முழுக் குழாய் வேலை, சித்தூரைச் சுற்றி மாங்கூழ் காய்ச்சும் நான்கு ஆலைகளுக்குக் கொதிகலன், சித்தூரிலேயே எனக்கென்று ஒரு பட்டறை. இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட கை செய்தது. வரைபடம் படிக்கத் தெரியாதவன் என்று வாசலில் நிறுத்தியவர்களே பிறகு வண்டி அனுப்பி அழைத்தார்கள். ஆனால் நான் செய்ததில் பெரியது எது என்று கேட்டால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைக் கட்டையைத்தான் சொல்வேன்.

அதைத் திருப்பதியில் ஓர் ஆய்வகத்துக்குச் செய்தேன். நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி அங்கே ஆராய்ச்சி மாணவி. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. அதற்குள் கொலஸ்ட்ராலும் வைட்டமின் ஈயும் புகுந்தால் என்ன ஆகிறது என்பது அவள் கேள்வி. ஓர் எந்திரத்தில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அந்தக் கொழுப்புக்குள் செலுத்துவாள். அது விழுங்கிய ஒளிக்கேற்ப, திரையில் மேடு மேடாக ஒரு கோடு வரும். கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கியபடியே பார்க்கவேண்டும். சூடு கால் டிகிரிகூட ஆடாமல் அதைப் பிடித்துவைத்தது என் கட்டை.

"கொலஸ்ட்ரால்னா நெஞ்சடைக்கிற சமாச்சாரம்தானேம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்களும் அதைத் திட்றீங்களா மாமா? நெய் ஒரு சூட்ல சட்டுனு உருகுதில்ல, வெறும் சவ்வும் அப்டித்தான். கொலஸ்ட்ரால் இருந்தா சட்டுனு உருகவும் உருகாது, உறையவும் உறையாது. காவலுக்கு நிக்கிற மாதிரி."

பலமனேரில் வெண்ணெயோடு பழகியவனுக்கு இது புரியாமல் போகுமா?

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்துக்குள் எதையும் கொளுத்தக் கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் பட்டறைகளில் கருவிப் பெட்டிக்குள் ஒரு வில்லை கற்பூரம் போட்டுவைப்போம், துரு அண்டாது. அதனால் ஒரு வில்லையைக் காகிதத்தில் மடித்து, எந்திரத்துக்குள் என் கட்டையின் ஓரமாகச் செருகினேன். பூஜையும் ஆயிற்று, காவலும் ஆயிற்று என்று சித்தூருக்குப் பஸ் ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். அவள் கோட்டில், கொழுப்பின் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புடைப்பு வந்துகொண்டிருந்தது. சூடு ஏற ஏற அதுவும் ஏறியது. வைட்டமின்தான் கொழுப்பைத் தொடுகிறது என்று மகிழ்ந்திருக்கிறாள். பிறகு வைட்டமினே சேர்க்காத கொழுப்பை வைத்துப் பார்த்தால், அதிலும் அதே புடைப்பு.

மறுநாள் காலை போய் நின்றேன். பேராசிரியர் என் கட்டையைக் காட்டினார்.

"ஏமய்யா மேஸ்திரி, இது உன் பித்தளை பண்ற கூத்துதானே?"

"என் பித்தளை கூத்தாடாது சார். வேற எங்கனா பாருங்க."

"வேற எங்க பாக்கறது? மூணு மாச வேலையும் குப்பைக்குத்தான்."

அவர் வகுப்புக்குப் போனார். அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்த மாசத்தோட என் ஆராய்ச்சிக் காலம் முடியுது மாமா. எல்லாத்தையும் மறுபடி செய்ய நாளு இல்ல. ஊட்டுக்கு வந்துடுன்னு நைனா சொல்லிக்கினே இருக்குது."

நான் எந்திரத்தின் மூடியைத் திறந்தேன். குப்பென்று அடித்தது கற்பூரம். திருப்பதியில் அந்த வாசனையை யார் தனியாகக் கவனிப்பார்கள்? பேராசிரியரே காலையில் கோயிலிலிருந்து நேராக வருகிறவர். காகிதத்தைப் பிரித்தேன். வில்லை பாதியாகத் தேய்ந்திருந்தது. சூட்டில் ஆவியான மறுபாதிதான் அவள் ஒளியின் வழியில் புகுந்திருக்கிறது.

காகிதத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். புடைப்பு தானாக மறைந்திருக்கும், கட்டையின் பெயரும் தப்பியிருக்கும். ஆனால் அவளுடைய பழைய கோடுகள் குப்பைதான். காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"நான் வெச்சதும்மா."

அவள் அதை முகர்ந்தாள். முதலில் முறைத்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"சாமிக்கு வெச்சதை எனக்கு வெச்சீங்களே மாமா! மிச்சம் இருக்குதா? அதத் தூக்கிப் போட்டுடாதீங்க!"

கொழுப்பே இல்லாமல், கற்பூரத்தை மட்டும் எந்திரத்தில் வைத்து அதன் கோட்டை எடுத்தாள். பழைய கோடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் கணினியில் அதைக் கழித்தாள். புடைப்பு போய்விட்டது. கொலஸ்ட்ரால் காவலுக்கு நிற்பதும், வைட்டமின் மெதுவாக அந்தக் கொழுப்பை இளக்குவதும் தெளிவாக வந்தன. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தாள். அன்று கான்டீனில் எனக்கு அவள் வாங்கித்தந்த தோசையைப் போல அப்புறம் நான் சாப்பிடவில்லை.

போன மாதம் அங்கே போனேன். பழைய கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். என் கட்டையும் இருக்கிறது. கீழே தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அதன் பெயர் மட்டும். அவள் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்திலும் 'பட்டறை ஊழியர்கள்' என்று இரண்டே சொல்.

அது போதாது. அந்தப் பெட்டியின் கீழே எழுதுங்கள்: இதைச் செய்தவன் சித்தூர் மேஸ்திரி. கற்பூரத்தை வைத்தவனும் அவன்தான், வந்து சொன்னவனும் அவன்தான். தமிழிலும் எழுதுங்கள், நான் படிக்கவேண்டும்.